கோட்டுக்குச் சாவில்லை

1

'ஆளவந்தான்' 2001 நவம்பரில் வந்தது. வசூலில் தோற்றது. 2023 டிசம்பரில், நீளம் வெட்டப்பட்டு, மறுபடி தியேட்டர்களுக்கு வந்துபோயிற்று. இடைப்பட்ட இருபத்திரண்டு வருஷங்களில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசப்பட்டதையெல்லாம் வடிகட்டினால் மூன்று விஷயங்கள்தான் தேறும். நந்தகுமார் பாத்திரத்துக்காகக் கமல்ஹாசன் தலையை மொட்டையடித்துக்கொண்டு உடம்பை ஏற்றியது. படத்துக்கு ஆன செலவு. அமெரிக்க டைரக்டர் குவென்டின் டாரன்டினோ தன் 'கில் பில்' படத்தில் அனிமேஷனைச் சேர்க்க இதுவே தூண்டுதல் என்று வந்த செய்தி. முதலிரண்டும் வாரப் பத்திரிகைகளுக்கான சமாச்சாரம். மூன்றாவது நம் தாழ்வு மனப்பான்மைக்கு மருந்து. வெளிநாட்டான் நம் வீட்டிலிருந்து ஒரு சாமானை எடுத்துக்கொண்டு போனான் என்பதில் கிடைக்கிற பெருமையில், அது என்ன சாமான், நம் வீட்டில் அது எதற்காக இருந்தது என்று கேட்க மறந்துவிட்டோம்.

அந்த வருஷத்துத் தேசிய விருதுகளில் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. கொடுத்தது நியாயம். ஆனால் விருதும் தன் பங்குக்கு, அந்தக் காட்சியை 'வித்தை' என்ற அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டது. வித்தை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் அதனிடம் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. கைதட்டினால் போதும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு காட்சியை முன்வைத்து எழுதப்படுகிறது. படம் முழுவதும் நல்ல படம் என்று நிறுவுவது என் நோக்கமல்ல; அப்படி நிறுவ முடியாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். தமிழ் சினிமாவில் வரையப்பட்ட கோடும் நடிகனின் உடம்பும் ஒரே இடத்தில் சேர்ந்தபோது ஒரு தடவையாவது அர்த்தம் பிறந்ததா என்று கேட்டால், பிறந்தது, இங்கே பிறந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. அதோடு, அந்த அர்த்தத்தை இன்று நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதும்.

2

முதலில் இரண்டு சரக்குகளையும் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடிகன் காமிரா முன் நிற்கிறான். அவன் மேல் வெளிச்சம் விழுகிறது. விழுந்த வெளிச்சம் ஃபிலிமில் பதிகிறது. அவன் அங்கே இருந்தான் என்பதற்கு ஃபிலிம் சாட்சி. கார்ட்டூன் உருவம் அப்படியல்ல. அது எங்கேயும் இருந்ததில்லை. ஒரு விநாடிக்கு 24 சட்டம். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு சட்டத்துக்கு வைத்தால் விநாடிக்கு 12 ஓவியம். ஒரு நிமிஷத்துக்கு 720. அத்தனையும் யாரோ ஒருவர் மேஜையில் குனிந்து வரைந்தவை. நடிகனின் அசைவு நடந்த ஒன்று. கார்ட்டூனின் அசைவு முழுக்க முழுக்க யோசிக்கப்பட்ட ஒன்று.

இவை இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர சினிமா ஆரம்ப நாளிலிருந்தே ஆசைப்பட்டிருக்கிறது. 1914ல் வின்ஸர் மெக்கே மேடையில் நின்றுகொண்டு, திரையில் இருக்கும் தன் டைனோசர் 'கெர்ட்டி'க்கு உத்தரவு போட்டார். மாக்ஸ் ஃப்ளைஷரின் கோமாளி 1918லிருந்து மைக்கூட்டிலிருந்து எழுந்து வந்து, தன்னை வரைந்தவரோடு வம்பு செய்தான். 1945ல் 'ஆங்கர்ஸ் அவே' படத்தில் ஜீன் கெல்லி ஜெர்ரி எலியோடு ஜோடி சேர்ந்து ஆடினார். 1964ல் 'மேரி பாப்பின்ஸ்'. 1988ல் ராபர்ட் ஜெமெக்கிஸின் 'ஹு ஃப்ரேம்டு ராஜர் ராபிட்'. வரைகோடு நிஜ விளக்கின் கீழே நிழல் பெற்று, நிஜ மேஜையைத் தட்டிவிட்டு, நிஜ மனிதனின் சட்டையைப் பிடித்து இழுத்த படம் அது. கார்ட்டூன் பகுதிகளை ரிச்சர்ட் வில்லியம்ஸ் கவனித்துக்கொண்டார்.

'ராஜர் ராபிட்'டில் ஒரு விஷயம் முக்கியம். அதில் கார்ட்டூன் உருவங்களைக் கொல்ல முடியாது. மலை உச்சியிலிருந்து போடலாம், பியானோவைத் தலைமேல் இறக்கலாம், தகடாக நசுக்கலாம்; எழுந்துவிடும். எனவே கதையில் ஒரு வில்லன் வேண்டும் என்றபோது, கார்ட்டூன்களைக் கரைத்துவிடும் ஒரு திரவத்தை அந்தப் படம் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கோட்டுக்குச் சாவில்லை என்ற விதியைத் தெரிந்துகொண்டு செய்த படம் அது. உடம்பின் உலகமும் கோட்டின் உலகமும் சந்திக்கும்போது உண்டாகும் நாடகம் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறது. ஒன்றுக்குக் கனம் உண்டு, வலி உண்டு, முடிவு உண்டு. மற்றதற்கு இந்த மூன்றும் இல்லை.

இந்த வித்தியாசத்தை உபயோகிக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அது அலங்காரம். உபயோகித்தால்தான் உத்தி.

3

தமிழில் இந்தச் சேர்க்கை பெரிய அளவில் நடந்தது 1989ல். ஏவி.எம். தயாரித்து எஸ்.பி. முத்துராமன் டைரக்ட் செய்த 'ராஜா சின்ன ரோஜா'. ரஜினிகாந்தும் கௌதமியும் குழந்தைகளும் காட்டுக்குள் பாடிக்கொண்டு போக, கார்ட்டூன் மிருகங்கள் அவர்களோடு வருகின்றன. இசை சந்திரபோஸ். இந்திய சினிமாவிலேயே இப்படிச் செய்தது இதுதான் முதல் என்று சொல்வார்கள். 'ராஜர் ராபிட்' வந்த மறு வருஷம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பாட்டை இன்று பார்த்தாலும் குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. கம்ப்யூட்டர் கைக்கு வராத காலத்தில் கையால் வரைந்து, சட்டம் சட்டமாக ஒட்டவைத்து, காமிராவுக்கு முன்னால் வெறும் காற்றைப் பார்த்து நடித்து முடித்திருக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ரஜினி என்ற நடிகரிடம் ஏற்கெனவே ஒரு கார்ட்டூன் குணம் உண்டு: கை, கால், சிகரெட், கண்ணாடி ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு கோட்டில் சுழலும். அதனால் மிருகங்களுக்கு நடுவில் அவர் அந்நியமாக இல்லை. இதுவும் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

ஆனால் கோடு அங்கே என்ன வேலை செய்கிறது? படத்தின் கதை கெட்டுப்போகும் குழந்தைகளைப் பற்றியது; போதைப்பொருள் வரை போகும் கதை. அதில் இந்தக் காடு ஒரு பாட்டின் நீளத்துக்கு விடப்பட்ட ரீஸஸ். பாட்டு முடிந்ததும் மிருகங்கள் போய்விடுகின்றன. அவை வந்ததற்கான சுவடு கதையில் இல்லை. கோட்டோவியம் என்றால் குழந்தைகளுக்கானது, பாட்டுக்கானது, நீதி சொல்வதற்கானது என்ற மூன்று வேலிகளையும் அந்தப் படம் நட்டுவைத்துவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு தமிழ் சினிமாவில் கார்ட்டூன் வந்த இடங்களில் பெரும்பாலும் இந்த வேலிகள் அப்படியே இருந்தன.

இது தவிர்க்க முடியாத விஷயமல்ல என்பதற்கு ஓர் உதாரணம். 1977ல் சத்யஜித் ராய் 'ஷத்ரஞ்ச் கே கிலாரி'யில் கும்பெனி சமஸ்தானங்களை விழுங்கிய சரித்திரத்தை ஒரு சிறு அனிமேஷனாகச் சொன்னார். செர்ரிப் பழங்களைப்போல ராஜ்யங்கள் ஒவ்வொன்றாக வாய்க்குள் போகின்றன. செய்து கொடுத்தவர் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் வளர்ந்த ராம் மோகன். அது நிஜ நடிகர்களோடு ஒரே சட்டத்தில் கலக்கவில்லை, தனியாக நிற்கிறது. ஆனாலும் அந்தக் கோடுகளுக்கு வேறு யாரும் செய்ய முடியாத ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாட்டை விழுங்குவது விழுங்குபவனுக்கு எவ்வளவு கனமில்லாத காரியம் என்று காட்டுகிற வேலை.

4

இப்போது 'ஆளவந்தான்'.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால்: இரட்டையர் இருவர். விஜயகுமார் ராணுவத்தில் கமாண்டோ. நந்தகுமார் மனநோய் விடுதியில். சிறு வயதில் தன்னைக் கொடுமைப்படுத்திய சித்தி ஜெயந்தியைக் கொன்றவன் நந்து. தம்பதியாகப்போகும் விஜய்யும் தேஜஸ்வினியும் அவனைப் பார்க்க வருகிறார்கள். தேஜஸ்வினி அவன் கண்ணுக்கு ஜெயந்தியாகத் தெரிகிறாள். சகோதரனை அவளிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று தப்பித்து வெளியே வருகிறான். வழியில் போதை ஏறிய நிலையில் ஷர்மிலி என்ற நட்சத்திரத்தைச் சந்திக்கிறான். அவளும் ஜெயந்தியாகத் தெரிகிறாள். கொல்கிறான்.

அந்தக் கொலைதான் கார்ட்டூனாக மாறுகிறது. அடிப்பவனும் அடிபடுபவளும் கோடும் வர்ணமுமாகிவிடுகிறார்கள், பிறகு உடம்புக்குத் திரும்புகிறார்கள், மறுபடி கோடு.

இதற்கு இரண்டு சமாதானங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. கொடூரத்தை நேரடியாகக் காட்டாமல் நாசூக்காகக் காட்ட ஒரு வழி என்பது ஒன்று. போதையில் இருப்பவனின் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்பது மற்றது. இரண்டும் தவறல்ல. ஆனால் இரண்டும் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. நாசூக்குதான் நோக்கம் என்றால், காமிராவை ஜன்னல் பக்கம் திருப்பியிருக்கலாம்; நம் டைரக்டர்களுக்குக் கைவந்த வழி அது. போதைதான் காரணம் என்றால், லென்ஸை மங்கலாக்கி, இரண்டு வர்ண விளக்குகளைச் சுழல விட்டிருக்கலாம். அதுவும் கைவந்த வழிதான். ஏன் குறிப்பாகக் கார்ட்டூன்?

நந்துவின் நோய் என்ன என்று கேட்டுப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. அவன் ஜெயந்தியைக் கொன்றுவிட்டான். ஆனால் ஜெயந்தி சாகவில்லை. ஒவ்வொரு பெண்ணிடமும் எழுந்து வருகிறாள். நசுக்கினாலும் அடுத்த சட்டத்தில் முழுசாக நிற்கிறாள். டாம் பூனையைப் போல. ஒரு பையன் தன் வாழ்க்கையில் செய்த ஒரே தீர்மானமான காரியம் பலிக்காமல் போய்விட்டது. அதை அவன் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். எதிரி சாகாத உலகத்தில் வாழ்கிறவன் அவன். அந்த உலகத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: கார்ட்டூன். உலகமெங்கும் குழந்தைகள் சிரித்துக்கொண்டே பார்க்கிற அந்த விதி, ஒரு குழந்தைக்கு நிஜமாகவே வாய்த்துவிட்டால் அது எப்பேர்ப்பட்ட நரகம் என்பதை இந்தக் காட்சி சொல்கிறது.

இப்படிப் பார்த்தால் கோடு அங்கே திரையாக வரவில்லை, நோயின் உருவமாகவே வருகிறது. அனிமேஷன் தொடங்கும்போது கொலையை நம்மிடமிருந்து மறைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. உண்மையில் கொலைகாரனிடமிருந்து கொலை மறைக்கப்பட்டிருக்கிறது. அவன் கைக்குக் கனம் தெரியவில்லை. எதிரில் இருக்கிறவளுக்கு வலி உண்டு என்பது அவன் உலகத்தின் இலக்கணத்திலேயே இல்லை.

அதனால்தான் உடம்புக்குத் திரும்பும் ஷாட்டுகள் அவ்வளவு பயங்கரமாக இருக்கின்றன. படத்தில் எத்தனையோ சண்டைகள், வெடிகள். அவை எதிலும் இல்லாத திடுக்கிடல் இந்த மாற்றத்தில் இருக்கிறது. கோடாக இருந்தவள் உடம்பாகிறாள். உடம்பாகிவிட்டால் எழ மாட்டாள். கிடப்பது ஷர்மிலி, ஜெயந்தி இல்லை. ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் நடுவில், எழுந்திருக்கும் உலகத்திலிருந்து எழாத உலகத்துக்கு வந்துவிடுகிறோம். இந்த ஒட்டுக்கோட்டில்தான், தையல் தெரிகிற இடத்தில்தான், காட்சியின் அர்த்தம் இருக்கிறது. தையல் தெரியாமல் செய்திருந்தால் இது வெறும் வித்தையாகவே போயிருக்கும்.

5

டாரன்டினோ செய்தியை இப்போது எடுத்துக்கொள்ளலாம். அது நிஜமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது.

2003ல் வந்த 'கில் பில்' முதல் பாகத்தில், ஓ-ரென் இஷீ என்ற பாத்திரத்தின் குழந்தைப் பருவம், பெற்றோர் அவள் கண்ணெதிரே கொல்லப்படுவது, அவள் பழிவாங்குவது எல்லாம் ஜப்பானிய அனிமேஷனாக வருகிறது. அவளுடைய நிகழ்காலம் உடம்பாக வருகிறது. அதாவது, கடந்தது கோடு, நடப்பது உடம்பு. இது நமக்குப் பழக்கமான ஒழுங்கு. நினைவு என்றால் அது கொஞ்சம் கதை, கொஞ்சம் சித்திரம் என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம்.

'ஆளவந்தான்' இதைத் தலைகீழாக வைக்கிறது. ஊட்டி வீட்டில் டயரி மூலம் விரியும் நந்துவின் குழந்தைப் பருவம், அப்பா, சித்தி, அடி, கொலை, எல்லாம் உடம்பாகவே காட்டப்படுகிறது. அவனுடைய நிகழ்காலத்துக் கொலைதான் கோடாகிறது. சாதாரண மனிதனுக்கு இன்று நிஜம், நேற்று நிழல். நந்துவுக்கு நேற்று மட்டுமே நிஜம். இன்று எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் அந்த நேற்றின் மேல் வரையப்பட்ட சித்திரங்கள். இரண்டு படங்களில் எது பெரிய படம் என்று தராசு தூக்குவது வீண் வேலை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில், கோட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதில், கமல் மனநிலையை அதிகம் யோசித்திருக்கிறார். எண்பதுகளில் தொடர்கதையாக எழுதிய 'தாயம்'தான் இந்தப் படத்துக்கு மூலம் என்பது இங்கே ஞாபகத்துக்கு வரவேண்டும். நோயின் தர்க்கம் எழுத்தில் முதலில் உட்கார்ந்திருக்கிறது. உத்தி பிறகு வந்தது.

இரட்டை வேடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1940ன் 'உத்தமபுத்திர'னில் பி.யு. சின்னப்பா இரண்டாக நின்ற நாளிலிருந்து, தமிழ் சினிமாவில் இரட்டை வேடம் என்றால் ஒரே சட்டத்தின் நடுவில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு. ஒரே உடம்பை நல்லவன், கெட்டவன் என்று இரண்டாக வெட்டுகிற கோடு. 'ஆளவந்தா'னிலும் அது இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு பாதி, வெட்டுகிற கோட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. விஜய் எங்கேயும் கார்ட்டூன் ஆவதில்லை. அவனும் கொலைகள் செய்கிறான். சர்க்கார் சம்பளத்தில் செய்கிறான். அவன் செய்யும் கொலைகளுக்குக் கனம் உண்டா, அவன் சுட்டு விழுந்தவர்கள் அவனுக்கு உடம்புகளாகத் தெரிந்தார்களா என்ற கேள்வியைப் படம் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய இடத்தில் வந்து நின்றுவிட்டு, தேசபக்திப் பக்கம் திரும்பிக்கொண்டுவிட்டது.

6

உடம்பால் தாங்க முடியாத வன்முறையை வரைந்த உருவத்தின் மேல் இறக்குவது நமக்குப் புதிதல்ல. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் கடைசி நாளில் படுகளம் நடக்கிறது. வெட்டவெளியில், மண்ணைக் குவித்து, ஆள் ஏறி நடக்கும் அளவுக்குப் பெரிய துரியோதனன் மல்லாந்து படுத்திருக்கிறான். முகத்துக்கும் மார்புக்கும் வர்ணம் பூசியிருக்கிறார்கள். அந்த மண் உருவத்தைச் சுற்றியும் அதன் மேலும் வேஷம் கட்டிய துரியோதனனும் பீமனும் ஓடுகிறார்கள், வசை பேசுகிறார்கள், ஆடுகிறார்கள். முடிவில் பீமன் ஓங்கி அடிப்பது மண் உருவத்தின் தொடையில். புதைத்து வைத்த சிவப்பு அங்கிருந்து வெளியே வருகிறது. திரௌபதியின் கூந்தல் முடியப்படுகிறது.

காமிராவும் ஃபிலிமும் இல்லாமல், உயிருள்ள நடிகனையும் உண்டாக்கிய உருவத்தையும் ஒரே சட்டத்தில் வைத்த கலை இது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தையல் ஊருக்கே தெரியும். வேஷக்காரன் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும். மண் எந்த ஏரியிலிருந்து வந்தது என்பதும் தெரியும். தெரிந்தும், அடி விழும்போது பெண்கள் அழுகிறார்கள். அழுவதற்குத் தையலை மறைக்க வேண்டியதில்லை.

படுகளத்துக்கும் கார்ட்டூனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். படுகளத்தில் உருவம் முடிந்துபோகிறது. அடித்த அடிக்குப் பிறகு அந்தத் துரியோதனன் எழுவதில்லை. உருவம் கலைகிறது, மண்ணை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். பதினெட்டு நாள் பகை அதோடு தீர்கிறது. கூந்தல் முடியப்பட்டுவிட்டது. அடுத்த வருஷம் வேண்டுமானால் வேறு மண்ணைக் குவித்து மறுபடி தொடங்க வேண்டும். முடிவு என்பதை ஓர் ஊர் தன் கையாலேயே செய்து பார்த்துக்கொள்கிறது.

நந்துவுக்கு வேண்டியிருந்தது ஒரு படுகளம். ஜெயந்தியை ஒரு தடவை, ஒரே தடவை, உருவத்தில் கொன்று முடித்துவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போக ஒரு வெளி. அதைத் தர அவனுக்கு ஊர் இல்லை. விடுதி இருந்தது, பூட்டு இருந்தது. கிடைத்தது கார்ட்டூன்: தனியாக, தன் தலைக்குள், முடிவில்லாமல் ஓடும் ஒன்று. பகையை உருவத்தின் மேல் இறக்கத் தெரியாத சமூகம் அதை யாருடைய உடம்பின் மேலாவது இறக்கும். அந்தக் காட்சிக்கு நான் கொடுக்கும் முக்கியத்துவம் இதனால்தான்.

7

படம் இந்த இடத்தை எட்டிவிட்டு, அங்கே தங்கவில்லை. சுரேஷ் கிருஷ்ணாவின் டைரக்ஷன் கமர்ஷியல் படத்தின் எல்லாக் கணக்குகளையும் தீர்க்க வேண்டியிருந்தது. கமாண்டோ சாகசம் வேண்டும், பாட்டுகள் வேண்டும், துரத்தல் வேண்டும். நந்து பேசும் கவித்துவமான வசனங்கள் பல சமயம் நந்துவின் குரலில் இல்லை. எழுதியவரின் குரலில் இருக்கின்றன. பைத்தியம் என்றால் எதுகையோடு பேசும் என்ற நம்பிக்கை நம் நாடக மேடைகளிலிருந்து வந்த வியாதி. ஷர்மிலி காட்சிக்குப் பிறகு கோடு என்ற பாஷையைப் படம் வளர்க்கவில்லை. அந்த ஒரு கொலைக்கு மட்டும் கோடு, மற்றதற்கெல்லாம் வெடிமருந்து என்றானபோது, பார்க்கிறவன் அதை ஒரு 'அயிட்டம்' என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. கடைசியில் நந்து காஸ் சிலிண்டர்களை வெடிக்கவைத்துத் தன்னை முடித்துக்கொள்கிறான். எழாத உலகத்துக்கு அவனாகவே வந்து சேர்கிறான் என்று இதைப் படிக்கலாம். ஆனால் அந்த வெடியின் சத்தத்தில் அப்படிப் படிப்பதற்கு நமக்கு அவகாசம் தரப்படவில்லை.

ஷர்மிலிக்கும் படம் நியாயம் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் கோடாவதற்கு முன்பே கோடாகத்தான் இருந்தாள்: போதை, பணம், அரைகுறை உடை என்று நாலு வரியில் வரையப்பட்ட பாத்திரம். அவள் உடம்புக்குத் திரும்பும்போது நமக்கு உண்டாகும் அதிர்ச்சி, அவள் முன்பே ஒரு முழு மனுஷியாக இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும். நந்துவின் கண்ணோட்டத்தைக் காட்டுவது ஒன்று. அதைப் படமே கடன் வாங்கிக்கொள்வது வேறொன்று.

இந்தக் குறைகளோடும் அந்தக் காட்சி நிற்கிறது. தமிழ் சினிமாவில் ஒரு தடவை, கோடு குழந்தைக்கான பரிசுப் பொருளாக இல்லாமல், குழந்தைக்கு நேர்ந்ததன் சாட்சியாக வந்தது.

8

இதை இப்போது ஏன் எழுத வேண்டும்?

'ராஜா சின்ன ரோஜா'வில் கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற ரஜினிகாந்த், இருபத்தைந்து வருஷம் கழித்து 2014ல் 'கோச்சடையா'னில் தானே கோடானார். நடிப்பை எந்திரம் பதிவு செய்து, அதன் மேல் உருவத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி எழுப்பிய படம். அதே படத்தில் நாகேஷும் வந்தார். நாகேஷ் காலமானது 2009ல். 2024ல் 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில் விஜயகாந்த் வந்தார். அவர் காலமானது 2023 டிசம்பரில். தியேட்டரில் விசில் பறந்தது. குடும்பத்தின் சம்மதம் இருந்தது, ரசிகர்களின் அன்பு இருந்தது என்பதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் என்ன நடந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கார்ட்டூனுக்கு மட்டும் இருந்த விதி உடம்புக்கும் வந்துவிட்டது. விழுந்தவர் எழுகிறார். நந்துவின் தலைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த உலகம் தொழில் ஆகிவிட்டது.

தையலும் போய்விட்டது. ராஜாவின் காட்டில் எது மிருகம், எது மனிதன் என்று மூன்று வயசுக் குழந்தைக்குத் தெரியும். ஷர்மிலி எந்தச் சட்டத்தில் கோடு, எந்தச் சட்டத்தில் உடம்பு என்று நமக்குத் தெரியும். படுகளத்தில் எது மண் என்று ஊருக்கே தெரியும். இன்று தெரியக்கூடாது என்பதே தொழிலின் லட்சியம். தெரியாமல் செய்தவனுக்கு விருது. அடி எதன் மேல் விழுகிறது, கோட்டின் மேலா, உடம்பின் மேலா என்று பார்க்கிறவன் அறிய முடியாமல் போகும்போது, சினிமா அவனிடமிருந்து வாங்கிக்கொள்வது இரக்கத்தை.

குத்தம்பாக்கத்திலிருந்து பெங்களூர் சாலையில் பூந்தமல்லி நோக்கி வந்தால் செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி. சினிமா, டெலிவிஷன் இரண்டுக்கும் செட்டுகள் எழும்பி எழும்பிக் கலைகிற இடம். இப்படிப்பட்ட இடங்களில் பச்சைத் துணிக்கு முன்னால் நடிகர்கள் காற்றோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறார்கள்; மலையும் படையும் ரத்தமும் பிறகு வேறெங்கோ வரையப்படும். 2020 பிப்ரவரி 19 ராத்திரி அங்கே 'இந்தியன் 2' படத்தின் வேலையில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் படத்தில் இறந்துபோன நடிகர்கள் விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2024ல் திரையில் வந்தார்கள். அந்த மூன்று பேர் வரவில்லை. அவர்களுக்குத் திரையில் முகம் எப்போதும் இருந்ததில்லை.

கோடு எழுந்துகொள்ளும். உடம்பு எழாது. இவ்வளவு எளிய விஷயத்தைச் சொல்ல ஒரு சினிமாவுக்கு உத்தி வேண்டியிருக்கிறது. 'ஆளவந்தா'னில் அது ஒரு கொலையின் நீளத்துக்குச் சொல்லப்பட்டது.